கல்லுப்பட்டி வண்டியின் விசில்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்துநான்கு, ஆனி மாதம், பட்டப்பகல் பதினோரு மணி. மதுரையிலிருந்து டி. கல்லுப்பட்டி போகும் தனியார் பேருந்து திருமங்கலம் ரயில்வே கேட்டில் நின்றது. ரயில் போயிற்று, கேட் திறந்தது, முன்னால் நின்ற மாட்டுவண்டிகூடக் கடந்து போய்விட்டது. டிரைவர் சிவனாண்டி மட்டும் ஸ்டியரிங்கில் தலைவைத்து உறங்கிக்கொண்டிருந்தார். கண்டக்டர் முத்திருளன் கன்னம் வலிக்க விசில் அடித்துப் பார்த்தார். கடைசியில் இறங்கி வந்து தோளைப் பிடித்து உலுக்க வேண்டியதாயிற்று.

பதினாலு வருடத்தில் ஒரு கோழிக்குஞ்சைக்கூட அடிக்காத டிரைவர் அவர். அந்த வருடம் அக்னி நட்சத்திரத்தில் அவர் குடியிருந்த வில்லாபுரமே விசிறியும் கையுமாகக் கிடக்க, இவர் மட்டும் கழுத்தைச் சுற்றித் துண்டு போட்டுக்கொண்டு "குளுருது" என்றார். முகம் ஊதியது. குரல் கரகரத்தது. ஒரு கேள்வி கேட்டால் பதில் வருவதற்குள் ஒரு ஸ்டாப் தாண்டிவிடும். ஊர் சும்மா இருக்குமா? குடிக்கிறான் என்று முடிவுகட்டிவிட்டது. மனைவி அழகம்மாள்கூட ஒருநாள் பக்கத்தில் வந்து வாயை மோந்து பார்த்தாள். அன்றைக்கு வந்த அழுகையை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

கேட்டில் நடந்ததை முத்திருளன் முதலாளியிடம் சொல்லிவிட்டார். முதலாளி கெட்டவர் இல்லை. ஆனால் அறுபது உயிர் ஏறும் வண்டி அது. "பொங்கல் வரைக்கும் ஷெட்டுல இரு. ஒடம்பு சரியாயிருச்சுன்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வா, ஸ்டியரிங் உன்னுது. இல்லேன்னா வேற ஆளுதான்" என்றார். சிவனாண்டி டயருக்குக் காற்றுப் பிடிக்க உட்கார்ந்தார். முத்திருளனோடு பேச்சை அறுத்தார். பத்து வருடமாக ஒரே தூக்குவாளியில் பங்கு போட்டுத் தின்ற கூட்டாளியே போட்டுக் கொடுத்துவிட்டானே என்ற ஆத்திரம் அவருக்கு.

ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டரம்மா அவர் முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டினார். கால் எம்பியது, கீழே இறங்கத்தான் யோசித்தது. ரத்தம் எடுத்து மெட்ராசுக்கு அனுப்பினார்கள். பத்து நாளில் தாள் வந்தது. "கழுத்துல இருக்கற தைராய்டு சுரப்பி சரியா வேலை செய்யல. அது சுரக்கறது கம்மியாயிருச்சு. மாத்திரை அதை ஈடுகட்டும். முதல் மாசம் அரை, அப்புறம் ஒண்ணு. காலையில வெறும் வயித்துல போடணும்" என்றார்.

சிவனாண்டி தாளைப் பார்த்தார். அதில் டி.எஸ்.எச். என்று போட்டு அறுபத்திரண்டு என்றிருந்தது. பக்கத்தில், ஐந்துக்குள் இருக்க வேண்டுமாம். ஐந்து இருக்கவேண்டிய இடத்தில் அறுபத்திரண்டு இருக்க, இந்தம்மா கம்மி என்கிறதே என்று குழம்பினார். கேட்க வெட்கம். வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டார்.

மாத்திரை வேலை செய்தது. முகவீக்கம் வடிந்தது. கழுத்துத் துண்டு கொடிக்குப் போயிற்று. புரட்டாசியில் மறுபடி சோதித்தபோது இருபத்துநாலு. டாக்டரம்மா மகள் பிரசவத்துக்காக வெளியூர் போயிருந்தார். அவர் வரும்வரை பொறுத்திருக்கலாம். பொறுக்கவில்லை. டிரைவர் மூளை அல்லவா, மீட்டரில் முள் ஏறினால் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுப்பதுதான் பழக்கம். "இன்னமும் அம்புட்டுக் கூட இருக்கு புள்ள, மாத்திரையக் கொறைப்போம்" என்று அழகம்மாளிடம் சொல்லிவிட்டு, பிளேடால் மாத்திரையைப் பாதியாக வெட்டினார். வெறும் வயிறு என்பதற்கும் அவருக்குத் தனி அகராதி. சோறு இறங்காத வயிறெல்லாம் அவருக்கு வெறும் வயிறுதான். இரண்டு டம்ளர் காப்பிக்குப் பிறகு போட்டார்.

ஒரு மாதத்தில் கொடியிலிருந்த துண்டு கழுத்துக்கு வந்தது. ஷெட்டில் காற்றுப் பிடிக்கிற குழாயைப் பிடித்தபடியே உறங்கினார். பொங்கலுக்கு இரண்டே மாதம். ஸ்டியரிங் கைவிட்டுப் போகிறது என்று அவருக்கே தெரிந்தது, பயந்துபோனார்.

டாக்டரம்மா திரும்பி வந்து, "யாரு குறைக்கச் சொன்னா?" என்று சத்தம் போட்டார்.

"நம்பர் கூட இருந்துச்சும்மா."

"அந்த நம்பர் தைராய்டு இல்லை. தலைக்குள்ள இன்னொரு சுரப்பி இருக்கு. கழுத்துல இருக்கறது சோம்பினா, 'வேலை செய், வேலை செய்'னு அது போடற சத்தம்தான் அந்த நம்பர். கழுத்து எவ்வளவு சோம்புதோ, சத்தம் அவ்வளவு கூடும். இருபத்துநாலுன்னா மாத்திரை இன்னும் பத்தலைன்னு அர்த்தம். கால் மாத்திரை கூட்டியிருக்கணும். நீங்க பாதியைக் குறைச்சிட்டீங்க."

  சிவனாண்டி மனசுக்குள் மறுபடி திருமங்கலம் கேட்டில் நின்றுகொண்டிருந்தார். வண்டி நகரவில்லை, விசில் மட்டும் காதைப் பிளந்தது.

"அப்ப அது கண்டக்டர் விசிலும்மா. வண்டி ஓடுதுன்னு அடிக்கல, ஓடலைன்னு அடிக்குது."

"அதேதான். ஒண்ணே கால் மாத்திரை. வெறும் தண்ணி. அரைமணி கழிச்சுத்தான் காப்பி. ஆறு வாரத்துக்கு முன்னால சோதிக்க வராதீங்க, சரியான கணக்கு தெரியாது."

வெளியே வந்தவருக்கு வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. விசில் அடித்தவனிடம் ஐந்து மாதமாக முகம் கொடுக்கவில்லையே என்று வெட்கமாக இருந்தது. நேராக பஸ் ஸ்டாண்டுக்குப் போய், டிக்கெட் கட்டை அடுக்கிக்கொண்டிருந்த முத்திருளன் முன்னால் நின்றார்.

"மாப்ள, நீ சொல்லாம விட்டிருந்தா நான் அறுபது பேரக் கொன்னுருப்பேன்டா."

முத்திருளன் தூக்குவாளியைத் திறந்து முன்னால் நகர்த்தினார்.

மார்கழி கடைசியில் தாள் வந்தது. நாலு. டாக்டரம்மா எழுதிக் கொடுத்தார். மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது என்று மூன்று முறை சொல்லியும் அனுப்பினார்.

தை இரண்டாம் வாரம், அதே திருமங்கலம் கேட். ரயில் போயிற்று, கேட் தூக்கினார்கள், வண்டி தண்டவாளத்தைத் தாண்டியது. சிவனாண்டிக்கு என்னவோ குறைகிற மாதிரி இருந்தது.

"ஏன்டா மாப்ள, விசிலே அடிக்கல?"

"நீதான் கெளம்பிட்டியே, பெறகெதுக்கு?" என்றார் முத்திருளன்.