கதியால் நட்ட இடம்

ஜேர்மனியில், கெல்சென்கிர்ச்சன் ரயில் நிலைய வாசலில் பஸ் ஓட்டுநர் சீருடையோடு நிற்கிறார் சிவம் அண்ணை. யாழ்ப்பாணத்தில் எங்களுக்குப் பக்கத்துக் காணிக்காரர். அடுத்த பஸ்ஸை எடுக்க இருபது நிமிடம் இருக்கிறது என்கிறார்.

போர்க்காலத்தில் இராணுவம் எடுத்த எங்கள் காணிகளை இப்போதுதான் திருப்பித் தந்திருக்கிறார்கள். வீடும் இல்லை, வேலியும் இல்லை. எங்கள் கிணறு மட்டும் மிச்சம். காணி உறுதிப் பத்திரம் இடப்பெயர்வில் தொலைந்துவிட்டது. எல்லையை இவர் வரைந்து கையெழுத்து வைத்தால்தான் அம்மா அங்கே வீடு கட்டத் தொடங்கலாம். வேலிச் சண்டையில் முகம் பார்க்காமல் இருந்த குடும்பங்கள் நாங்கள். “வாய் காட்டாமல் வாங்கிக்கொண்டு வா” என்று சொல்லித்தான் அம்மா அனுப்பியிருக்கிறார்.

நிலையத்துப் பேக்கரி மேசையில் தாளை விரித்து, கிணற்றை வட்டமாகப் போட்டு, கோடு இழுக்கிறார். கோடு அவர் காணிக்குள் தள்ளிப் போகிறது.

“அண்ணை, வேலி கிணத்துக்குக் கிட்டவெல்லோ இருந்தது?”

“ஓம் தங்கச்சி. வேலி அடைக்கிற நேரமெல்லாம் எங்கட ஐயா கதியால் தடியை ஒரு சாண் உங்கட பக்கம் தள்ளித்தான் நட்டவர். பிடிச்சுக்கொண்டு நிண்டது நான். இதுதான் சரியான எல்லை.”

கையெழுத்து வைத்தவர், கோட்டின் நடுவில் கொஞ்சம் அழிக்கிறார்.

“இதில வேலியை அடைக்காமல் ஆள் போய்வர ஒரு பொட்டு விடுங்கோ. எங்கட பக்கம் ஆரும் வந்திருந்தால் தண்ணி அள்ள வேணுமெல்லோ.”

அம்மா சொன்னபடியே பேசாமல் தாளை வாங்கிக்கொள்கிறேன்.