சூரியனை மறைத்த என் கை

சபாபதி சார் இறந்த செய்தி பக்கத்து வீட்டுத் தொலைபேசிக்கு வந்தது. பேசியவர் எங்கள் அலுவலகத்துக் கணக்காளர் பரமசிவம். "ரெஜினா மேடம், நம்ம சபாபதி போயிட்டாருங்க. ஹார்ட் அட்டாக். பாவம், நல்ல மனுஷன்." அந்த 'நம்ம' என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு எரிச்சல் வந்தது. வருடக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாதவருக்கு, செத்த அன்றைக்கு அவர் 'நம்ம' ஆகிவிட்டார்.

திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் பம்பு உதிரிபாகம் செய்யும் ஒரு சின்ன கம்பெனி. சபாபதி சார் கொள்முதல் பிரிவு, நான் டைப்பிஸ்ட். வானத்தைப் பார்ப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. பெரிய நிபுணர் என்று நினைத்துவிட வேண்டாம். "நாளைக்கு மழை நிச்சயம்" என்று அவர் சொன்னால் நாங்கள் தைரியமாகக் குடையை வீட்டில் வைத்துவிட்டு வருவோம்.

எண்பதுகளில் ஒரு கோடை மதியம், கம்பெனி வேலையாகத் தாம்பரம் போனவர் ஆலங்கட்டி மழையில் மாட்டிக்கொண்டார். எல்லோரும் பஸ் நிழற்குடைக்குள் ஓட, இவர் டிபன் டப்பாவைத் திறந்து நடுத்தெருவில் நின்றிருக்கிறார். "இன்னா சார், மண்டை ஒடஞ்சா பேஜாராப் பூடும், உள்ள வா!" என்று ஒரு ஆட்டோக்காரர் கத்தினாராம். அலுவலகத்துக்கு வந்து எங்களை எல்லாம் கூப்பிட்டு டப்பாவைத் திறந்தார். உள்ளே புளிசாத வாசனையோடு கொஞ்சம் தண்ணீர். சிரித்துத் தீர்த்தோம். அவரும் சிரித்தார். "பரவால்ல ரெஜினா, நான் பாத்துட்டேன் இல்ல" என்றார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் முடிச்சூர்ப் பக்கம் வயலெல்லாம் மனையாகிக்கொண்டிருந்தது. பரமசிவத்துக்கு அதில் தரகு வேலையும் உண்டு. ஒரு விடுமுறை நாளில் வேன் வைத்து எங்களை இடம் பார்க்க அழைத்துப் போனார். எல்லோரும் எல்லைக்கல்லைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருக்க, சபாபதி சார் மட்டும் அண்ணாந்து பார்த்தார். சூரியனைச் சுற்றிப் பெரிய வட்டம், உள்விளிம்பில் லேசான சிவப்பு. கேமராவை எடுத்தவர், "ரெஜினா, கையை நீட்டிச் சூரியனை மறைங்க. இன்னும் கொஞ்சம் இடதுபக்கம்... அப்படியே!" என்றார். கை வலிக்க நின்றேன். படத்தில் வட்டம், நடுவில் நிழலாக என் கை. பெருமையோடு அதை அலுவலக நோட்டீஸ் போர்டில் குத்தி வைத்தார்.

அடுத்த மாதம் அந்தப் படம் தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் துண்டுப் பிரசுரமாகக் கிடைத்தது. பரமசிவத்தின் கைவரிசை. என் கைக்கடிகாரத்தை அழித்து, விரல்களைச் சுற்றி மஞ்சள் ஒளி போட்டு, 'அம்பாளே கைகாட்டி ஆசீர்வதித்த மனைகள்' என்று அச்சடித்திருந்தார்கள். "ஐயோ, அது என் கைங்க!" என்று அலுவலகத்தில் சொன்னேன். "நீங்க சர்ச்சுக்குப் போறவங்க, உங்களுக்கு இதெல்லாம் புரியாது மேடம்" என்று மனைக்கு முன்பணம் கட்டியிருந்த ஒருவர் என் வாயை அடைத்தார்.

சபாபதி சார் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. மனை பார்க்க வந்தவர்களிடம் போய், "இது மேல இருக்கிற பனித்துகள்ல வெளிச்சம் பட்டு வர்ற வட்டம். அன்னிக்குக் கோவிலம்பாக்கத்துலயும் இதேதான் தெரிஞ்சுது. அம்பாள் அங்கயும் மனை விக்கிறாங்களா?" என்று கேட்டார். விற்பனைக்காரர்கள் சட்டையைப் பிடித்துத் தள்ளிவிட்டார்கள். அது போகட்டும், அவர்கள் பிழைப்பு அது. முன்பணம் கட்டியிருந்த எங்கள் அலுவலகத்து ஆட்கள் செய்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. மனை விலை விழுந்துவிடும் என்று அவரோடு பேச்சையே நிறுத்தினார்கள். மதியச் சாப்பாட்டு மேசையில் அவர் வந்து உட்கார்ந்தால், திறந்த டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து போவார்கள். அடுத்த ஐப்பசியில் மனைகளில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றபோது, "அந்தாள் வாய் வெச்சான், வெளங்காமப் போச்சு" என்றார்கள். அவர் மழையைப் பற்றி ஒரு வார்த்தை கூடச் சொல்லியிருக்கவில்லை.

கடைசியில் வேலையை விட்டே போனார். கிளம்பிய அன்று, "மேல பாத்ததுக்கு யாராவது கோவிச்சுக்குவாங்களா, ரெஜினா?" என்று கேட்டார்.

சாவு வீட்டில் அதே அலுவலகத்து ஆட்கள் எல்லோரும் இருந்தார்கள். 'இயற்கையின் காதலர்' என்று மாலையில் எழுதிக்கூட ஒட்டியிருந்தார்கள். திரும்பும் வழியில், முடிச்சூரில் இருக்கும் தன் வீட்டில் காபி சாப்பிட்டுப் போகச் சொன்னார் பரமசிவம். பூஜை அறையில் அந்தப் பிரசுரம் சட்டம் போட்டு, பொட்டு வைத்து மாட்டியிருந்தது. படம் எடுத்தவரை ஒதுக்கி வைத்துவிட்டு, என் கைக்கு இத்தனை வருடமாகக் கற்பூரம் காட்டியிருக்கிறார்கள். காபியைத் தொடாமல் எழுந்து வந்தேன்.

சபாபதி சாரிடமிருந்து எனக்கு மிஞ்சியது, கடிகாரம் அழிக்கப்படாத ஒரு பிரதியும் அண்ணாந்து பார்க்கும் பழக்கமும். நேற்று மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனபோது சூரியனைச் சுற்றி அதே வட்டம். கையை நீட்டினேன். 'இன்னும் கொஞ்சம் இடதுபக்கம்' என்று சொல்ல ஆளில்லை. நானே நகர்த்திக்கொண்டேன்.