மூச்சு வந்த பிறகு கேளுங்க

என் மகளுக்கு மூன்று வயதானபோது முதல்முறையாக மூச்சுத்திணறல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட உட்காரும் நேரம். விலா எலும்புகள் உள்ளே இழுக்க, விசில் மாதிரிச் சத்தத்தோடு மூச்சு விட்டாள். நானும் கணவரும் அவளைத் தூக்கிக்கொண்டு கணியம்பாடியிலிருந்து ஆட்டோவில் வேலூருக்குப் பறந்தோம். ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் ஒரு நர்ஸ் என்னிடம் என்னவோ சொன்னார். வாய் அசைந்தது தெரிந்தது. ஒரு சொல்கூடக் காதில் ஏறவில்லை.

மாஸ்க் வைத்து மருந்து கொடுத்த பிறகு மகள் மெல்லக் கண்ணைத் திறந்து, "அம்மா, பசிக்குது" என்றாள். அப்போதுதான் குனிந்து பார்த்தேன். என் ஒரு காலில் செருப்பே இல்லை. ஷூ கம்பெனியில் வேலை செய்கிறவளுக்கு இந்தக் கதி என்று கணவர் இன்றும் கிண்டல் செய்வார்.

மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, ஆஸ்பத்திரிக்காரர்கள் எங்கள் ஊர் மண்டபத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். டீ, சமோசா எல்லாம் உண்டு. பேச வந்தவர் ஓர் இளம் டாக்டரம்மா. மூச்சுத்திணறி வரும் குழந்தைகளுக்கு ஆக்சிஜன் கொடுக்க இரண்டு முறைகள் இருக்கின்றனவாம். இரண்டும் இப்போதே பழக்கத்தில் உள்ளவைதான். எது மேல் என்பதுதான் தெரியவில்லை. கண்டுபிடிக்க வேண்டுமானால், எந்தக் குழந்தைக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்து கொடுத்துப் பார்க்க வேண்டும். ஆனால் அந்த அவசரத்தில் பெற்றோருக்கு விளக்கிச் சம்மதம் வாங்க நேரமிருக்காது. சிகிச்சையைத் தொடங்கிவிட்டுப் பிறகு கேட்டால் சம்மதிப்பீர்களா என்றார்.

எங்கள் தெருவில் இருக்கும் கட்டட மேஸ்திரி விருட்டென்று எழுந்தார். "இன்னாம்மா இது? எங்க புள்ளைங்கள வச்சி சோதன பண்ணுவீங்க, அப்பறமா வந்து சொல்லுவீங்களா?"

"அப்படித் தோணும்னுதான் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கேக்க வந்தோம்" என்றார் டாக்டரம்மா.

"சரி, அப்பறமா கேக்கறப்போ நான் வேணாம்னு சொன்னா?"

"உங்க குழந்தையோட விவரத்த ஆராய்ச்சியில சேக்க மாட்டோம். வைத்தியம் எப்பவும் போல நடக்கும்."

மேஸ்திரி உட்காரவில்லை. எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்து, நானும் எழுந்துவிட்டேன். "அன்னிக்கி என்னாண்ட யார் எதக் கேட்டிருந்தாலும் தலையாட்டியிருப்பேன். கெணத்துல தள்ளட்டுமான்னு கேட்டிருந்தாகூட சரின்னிருப்பேன். அது ஒரு சம்மதமா? புள்ளைக்கு மூச்சு வந்த பிறகு உக்கார வச்சி கேளுங்க. ஆனா எதையும் மறைக்காதீங்க."

சிரிப்பு எழுந்தது. பூ விற்கும் அக்கா ஒருத்தி, "அதெல்லாம் சரி, புள்ளையோட ஆஸ்பத்திரி வாசல்ல வந்து நிக்கறவங்களாண்ட இன்னா சொல்லுவீங்க? சொல்லிக் காட்டுங்க" என்றாள்.

சட்டென்று மேஸ்திரி தோளில் கிடந்த துண்டைச் சுருட்டிக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு வெளியே போனார். "டாக்டர்! டாக்டர்!" என்று அலறியபடி உள்ளே ஓடி வந்தார். டாக்டரம்மாவும் சளைக்காமல் எதிரே போய், "வணக்கம். எங்கள் மருத்துவமனையில் தற்போது ஓர் ஆய்வு..." என்று ஆரம்பித்தார்.

"எம்மா, மொதல்ல புள்ளைய வாங்கும்மா!"

மண்டபமே அதிர்ந்தது. டாக்டரம்மாவுக்கும் சிரிப்பு தாங்கவில்லை. இரண்டு தடவை சொல்லிப் பார்த்துத் தப்பாகி, கடைசியில் துண்டை வாங்கிக்கொண்டே சொன்னார்: "குழந்தைய நாங்க பாத்துக்கறோம். இங்க ஒரு ஆராய்ச்சி நடக்குது, அப்பறமா உக்காந்து பேசலாம். வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க."

"இது சரி" என்றார் மேஸ்திரி.

எல்லோரும் ஒப்புக்கொண்டுவிடவில்லை. எவ்வளவு அவசரமானாலும் முன்கூட்டியே கேட்டுத்தான் ஆகவேண்டும் என்று காட்பாடியில் வேலை பார்க்கும் ஒரு தகப்பன் கடைசிவரை பிடிவாதமாக நின்றார். டாக்டரம்மா அதையும் குறித்துக்கொண்டார். தடுப்பூசி போடும் நாளிலேயே இதைப் பற்றி எல்லாத் தாய்மாருக்கும் சொல்லி வையுங்கள் என்று பூக்கார அக்கா சொன்னதற்குக் கைதட்டல் விழுந்தது.

இப்போது சுற்றுவட்டார ஊர்களில் இந்தக் கூட்டம் நடந்தால் மேஸ்திரியைக் கூப்பிட ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வருகிறது. நேற்று வழியில் பார்த்தபோது, "அப்போ ஆராய்ச்சிக்கு ஒத்துகினீங்களாண்ணா?" என்று கேட்டேன்.

"பாதி ஒத்துகினேன்மா. மீதிக்கி ஊர் ஊராப் போய் கேள்வி கேட்டுகினு இருக்கேன்" என்றார், மீசையைத் தடவிக்கொண்டு.