திரைக்கயிறு பெரிய டீச்சர் கையில்

தாம்பரத்தில் நான் வேலை பார்த்த பெண்கள் பள்ளிக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் ஒரு மதில்சுவர்தான். மின்சார ரயில் கடக்கும்போது பாடம் நடத்துகிறவர்கள் வாக்கியத்தின் பாதியில் நிறுத்திவிடுவோம். கரும்பலகையில் எழுதுகிற கையும் நிற்கும். ரயில் போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடங்குவோம். புதிதாகச் சேர்பவர்கள் முதலில் கத்திப் பார்த்துவிட்டுப் பிறகு அவர்களும் நிற்கப் பழகிவிடுவார்கள்.

பாலிடெக்னிக்கில் கட்டட வரைபடம் படித்துவிட்டு நான் அங்கே டிராயிங் டீச்சராகச் சேர்ந்திருந்தேன். அந்த வருடம் ஆண்டு விழா மேடையில் பரதம் கற்ற பெண்களுக்கெல்லாம் இடம் கிடைத்துவிட்டது. மற்றவர்களுக்கு வழக்கம்போல நாற்காலி போடுவதும் திரை இழுப்பதும்தான். அந்த மற்றவர்களை வைத்து நான் ஒரு நிகழ்ச்சி செய்யலாமா என்று தலைமையாசிரியையிடம் கேட்டேன். எல்லாருக்கும் அவர் பெரிய டீச்சர்.

“ஆடத் தெரியாதவங்கள வச்சு என்னம்மா ஆட்டம்? சரி, செய்ங்க. ஆனா அன்னைக்குக் கயிறு என் கையிலதான் இருக்கும். ஜனங்க சிரிக்க ஆரம்பிச்சா திரைய மூடிடுவேன். பிள்ளைங்க அவமானப்பட்டு நிக்கக் கூடாது.”

அவர் சொன்னது நியாயம்தான். அதனால்தான் பயமும் கூடியது.

பள்ளி விட்டதும் பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளுவோம். முதலில் வெறும் நடை. ஒருவர்மேல் ஒருவர் இடிக்காமல் அறை முழுவதும் நிரம்ப நடக்க வேண்டும். அடுத்தது கண்ணாடி: எதிரெதிரே நிற்கும் இருவரில் ஒருத்தி அசைவதை மற்றவள் அப்படியே செய்வாள். மூன்றாவதாக, வீட்டில் அன்றாடம் பார்க்கும் வேலை ஒன்றை வெறுங்கையால் செய்து காட்டுவது. பிறகு அதையே மெதுவாக, அதன்பின் பெரிதாக. பாட்டு கிடையாது. மேஜைமேல் நான் மர ஸ்கேலால் தட்டுவேன். ரயில் வந்தால் எல்லாரும் இருந்த இடத்தில் அப்படியே நின்றுவிடுவார்கள். தட்டுவது காதில் விழாதே.

கோவளத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த பெண் ஒருத்தி இருந்தாள். ஆறாம் வகுப்பிலிருந்து அவளுக்குத் திரை இழுக்கும் வேலை. மீன்கூடையைத் தரையிலிருந்து தூக்கித் தலையில் வைப்பதைச் செய்து காட்டினாள்.

“இதுக்குப் பேரு டான்ஸா டீச்சர்? அப்போ எங்கம்மா தெனம் ஆடிகினுதான் கீது.”

“அப்ப உங்கம்மா மேடையேறட்டும், நீ போய் மீன் வித்துட்டு வா” என்றாள் பக்கத்தில் நின்றவள்.

அறையே சிரித்தது. ஆனால் அதையே அவள் மெதுவாகச் செய்தபோது, இல்லாத கூடையின் பாரம் அவள் முழங்காலில் தெரிந்தது. சிரிப்பு அடங்கிவிட்டது. அந்தக் கூடையைச் சுற்றித்தான் மற்றவர்களின் வேலைகளை அடுக்கினேன். மேடைக்கு வரைபடம் போட்டு அவரவர் இடத்தைக் குறித்தேன். ரயில் அட்டவணையைப் பார்த்து, எங்கள் நிகழ்ச்சிக்கு இரண்டு வண்டிகளுக்கு இடைப்பட்ட நேரமாகக் கேட்டு வாங்கினேன்.

விழாவுக்கு அவள் அம்மா கோவளத்திலிருந்து வந்து முன்வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். நடையும் கண்ணாடியும் நல்லபடியாக முடிந்தன. மேடையின் ஓரத்தில் பெரிய டீச்சர் கயிற்றைப் பிடித்தபடி நின்றார். அவள் குனிந்து கூடையைத் தூக்கினாள். அது மார்பளவு வந்தபோது, அட்டவணைப்படி எப்போதோ போயிருக்க வேண்டிய எக்ஸ்பிரஸ் ஒன்று தாமதமாக வந்து சேர்ந்தது.

எல்லாரும் நின்றுவிட்டார்கள். துணி பிழிந்தவள் கை முறுக்கியபடி, அடிபம்பு அடித்தவள் பாதி குனிந்தபடி. நான் தட்டுவது எனக்கே கேட்கவில்லை. சிரிப்பு வரப்போகிறது என்று கயிற்றைப் பார்த்தேன். பெரிய டீச்சரின் கையும் அசையவில்லை. அவரும் இதே பள்ளிதானே. கூட்டத்தைப் பார்த்தேன். எல்லாரும் தண்டவாளத்தை ஒட்டிக் குடியிருப்பவர்கள். ரயில் போகட்டும் என்று அவர்களும் பேசாமல் காத்திருந்தார்கள்.

கடைசிப் பெட்டியும் போனது. கூடை விட்ட இடத்திலிருந்து மேலே ஏறியது. கூடவே மற்றவர்களும் ஒன்றாக அசைந்தார்கள். அது அவள் தலையில் உட்கார்ந்தபோது முன்வரிசை ஓரத்தில் அவள் அம்மாவின் கழுத்தும் நிமிர்ந்தது. யாரும் சிரிக்கவில்லை.

முடிந்து கைதட்டல் வந்த பிறகும் திரை மூடவில்லை. பெரிய டீச்சர் கயிற்றைப் பிடித்தபடி அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கூடைக்காரி தலையைத் திருப்பாமல் உதட்டை மட்டும் அசைத்தாள். “பெரிய டீச்சர், இப்ப இழுங்க. அது இல்ல, அது தொறக்கிற கயிறு. பக்கத்துக் கயிறு.”

திரை மூடியது. நான் ஸ்கேலைக் கீழே வைத்தேன்.