பொட்டு வைத்த வண்டி

எழுபதுகளின் கடைசியில் அரிசி ஆலை வேலை போனதும் மனைவியையும் குழந்தையையும் அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பியிருந்தேன். வேறு வேலை கிடைத்தால்தான் கூட்டிவர முடியும். விதை விற்கும் கம்பெனி ஒன்றில் ஊர் ஊராகச் சுற்றுகிற வேலை ஒன்று வந்தது. "சொந்த மோட்டார் சைக்கிள் இருந்தா திங்கக்கிழமை வாங்க. இல்லன்னா வேற ஆளப் பாத்துக்கறேன்" என்றார் மேனேஜர். என்னிடம் சைக்கிள்கூட இல்லை.

என் கைக்காசுக்கு எட்டிய ஒரே மோட்டார் சைக்கிள் அடி அண்ணாமலையில் ஒரு மாட்டுக் கொட்டகையில் விலைக்கு நின்றது. ஓட்டியவர் இறந்து பல வருடம் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்கை அழைத்துக்கொண்டு போனேன். அப்போதுதான் ஆயுத பூஜை முடிந்திருந்தது. டாங்க் மேல் சந்தனம், குங்குமம். ஹேண்டிலில் வாடிய சாமந்தி மாலை. வண்டி பளிச்சென்று இருந்தது. எனக்கு உயிர் வந்தது.

மெக்கானிக் கிக்கரை மிதித்தார். அசையவே இல்லை. பிளக் இருக்கவேண்டிய ஓட்டையில் கந்தல் துணி அடைத்திருந்தது. உருவினார். துணியில் செம்மண் நிறத்தில் தண்ணீர் சொட்டியது.

"இதுல எப்படிம்மா தண்ணி போச்சு?" என்று வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டார்.

"வருஷா வருஷம் பூசைக்கு குடம் குடமா ஊத்திக் கழுவுவோங்க. அவரு வண்டியாச்சே, சும்மா விட்டுடுவோமா?" என்றார் இறந்தவரின் மனைவி, பெருமையாக.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஓடாத வண்டிக்கு எதற்கம்மா இத்தனை குளியல்? கேட்க வாயைத் திறப்பதற்குள் மெக்கானிக் என்னைத் தனியே இழுத்துப்போனார்.

"உள்ள துரு ஏறி இறுகிப்போச்சுங்க. பிரிச்சு சரி பண்ண ஒரு மாசம் ஆவும். செலவும் ஜாஸ்தி. வேணாம், விட்டுடுங்க."

ஒரு மாதம்! விடிந்தால் திங்கட்கிழமை. புத்தியுள்ளவன் அப்படியே திரும்பியிருப்பான். நான் அந்தச் சந்தனத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். வண்டி இருக்கிறதா என்றுதானே மேனேஜர் கேட்டார்? முதலில் வேலையில் சேர்ந்துவிடலாம். அப்புறம் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு பஸ்ஸில் சுற்றலாம். வாங்கிவிட்டேன்.

மறுநாள் காலை கிரிவலப் பாதையில் தள்ளிக்கொண்டு கிளம்பினேன். எதிரே வந்தவர்களெல்லாம் "பெட்ரோல் தீந்துடுச்சாங்க?" என்று விசாரித்தார்கள். ஆமாம் ஆமாம் என்றேன். செங்கம் ரோட்டில் ஆபீஸ் வாசலில் ஸ்டாண்டு போட்டபோது சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

மேனேஜர் வெளியே வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். "பரவால்லையே, பூசையெல்லாம் போட்டு நல்லா வெச்சிருக்கீங்க!"

வேலை கிடைத்துவிட்டது. சாயங்கால பஸ்ஸிலேயே போய் அவளையும் குழந்தையையும் கூட்டிவந்துவிடலாம் என்று நினைத்தேன். கண் கலங்கிவிட்டது.

அவர் உள்ளே போய்ப் பையை எடுத்துவந்தார். பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து என் தோளைத் தட்டினார்.

"எடுங்க. மொதல்ல செங்கம் போயிட்டு வந்துடலாம்."