ரூல்தடி இன்னும் சரி சொல்லவில்லை

என் தம்பியை அவன் வேலை பார்க்கும் இடத்தில் எல்லோரும் ரூல்தடி என்றுதான் கூப்பிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் அல்ல, முகத்துக்கு நேராகவே. அவனும் திரும்பிப் பார்த்து, "சொல்லுங்க" என்பான். அந்தப் பெயரில் அவனுக்கு உள்ளூர ஒரு பெருமை உண்டு. எனக்கும் உண்டு.

திரைக்கதை எழுதுகிறவர்களுக்கென்று ஒரு சங்கம் இருக்கிறது. பேட்டரிக் கடைக்கு மேலே, மாடியில், இரண்டு அறைகள். சங்கம் ஆண்டுதோறும் விருது கொடுக்கிறது. சொந்தமாக எழுதிய கதைக்கு ஒன்று, தழுவி எழுதிய கதைக்கு ஒன்று. எந்தப் படம் போட்டிக்கு வரலாம், எது வரக்கூடாது, வந்தால் எந்தப் பிரிவில் உட்கார வேண்டும் என்று தீர்மானிக்கிற தகுதிக் குழுவில் என் தம்பிதான் செயலாளர். நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுத் தையல் மிஷினில் உட்கார்ந்தவள். துணியில் கத்தரி வைப்பதற்கு முன் இரண்டு தடவை அளப்பேன். அவன் மூன்று தடவை அளப்பான். பிறகு டேப் மேல் சந்தேகப்படுவான்.

என் தம்பி என்பதற்காகச் சொல்லவில்லை, அந்தக் குழுவில் அவன் இல்லாவிட்டால் அடிதடி நடந்திருக்கும். ஒருவர் தன் பழைய குறும்படத்தையே நீட்டிப் பெரிய படமாக்கிவிட்டுச் சொந்தக் கதை என்று கொண்டுவருவார். "உங்க கதைதான், ஆனா ஏற்கனவே வந்துடுச்சே. நீங்களே உங்களைத் தழுவி இருக்கீங்க" என்று தம்பி அதைத் தழுவல் பக்கம் தள்ளுவான். இன்னொருவர், அடுத்த வீட்டுக்காரரின் குடும்பச் சண்டையை அப்படியே எழுதியிருப்பார். அடுத்த வீட்டுக்காரர் சங்கத்துக்கே வந்து, இது என் கதை, தழுவலில் போடுங்கள், என் பெயரையும் போடுங்கள் என்று நிற்பார். வாயோடு இருக்கும் வரை அது வம்பு, அச்சில் வந்தால்தான் மூலம் என்று தம்பி அவருக்குப் பொறுமையாக விளக்குவான். அவரும் கீழே இறங்கும்போது பேட்டரிக் கடைக்காரரிடம் அதையே விளக்கிக்கொண்டு போவார். இரண்டாம் பாகம் எடுத்தவர்கள் வந்தால் தம்பிக்கு அன்று சாப்பாடே வேண்டாம். முதல் பாகத்துப் பாத்திரம் இரண்டாம் பாகத்தில் மீசையை எடுத்துவிட்டால் அது பழைய ஆளா, புது ஆளா என்று ஒரு மத்தியானம் முழுக்க விவாதித்திருக்கிறார்கள்.

இப்படிப்பட்டவனுக்குக் கல்யாணம் செய்துவைப்பது என் பொறுப்பாயிற்று. அப்பா அம்மா போன பிறகு அவனுக்கு நான்தான்.

பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் உட்காரும் ஒரு பெண், ஒரு நாள் சங்கத்துக்கு வந்து அவனிடம் சந்தேகம் கேட்டாள். பல்வலியோடு காத்திருப்பவர்கள், வலியே இல்லை என்று ஒருவரிடம் ஒருவர் சொல்லும் பொய்களை வைத்து ஒரு திரைக்கதை எழுதியிருக்கிறாள். நோயாளிகள் பேசியதைக் கேட்டு எழுதினால் அது சொந்தமா, தழுவலா? தம்பி சொந்தம் என்றான். அப்படியானால் நோயாளிகளுக்கு என்ன மரியாதை என்று அவள் எதிர்வாதம் செய்தாள். சங்கத்தைப் பூட்டும் நேரம் வரை வாதம் நடந்தது. அன்று வீட்டுக்கு வந்தவன் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அக்கா, இன்னிக்கு ஒரு விண்ணப்பதாரர் வந்தாங்க" என்றான். மறுநாளும் அந்த விண்ணப்பதாரரைப் பற்றித்தான் பேச்சு. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு விண்ணப்பதாரரின் வீட்டு விலாசத்தை விசாரித்துக்கொண்டு நானே போய்விட்டேன்.

அவளை வளர்த்தது அவளுடைய சித்தி. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பையன் என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். "அது வேலையா?" என்றார். ஆனாலும் அந்தப் பெண் கதவுக்குப் பின்னால் சிரித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தார்கள், பேசினோம், இனிப்பு சாப்பிட்டோம். அவள் திரைக்கதையை ஒருவர் அப்போது படமாக எடுத்துக்கொண்டிருந்தார். அது முடியட்டும், பிறகு நாள் குறிக்கலாம் என்று முடிவாயிற்று.

படம் முடிந்தது. சின்னப் படம்தான், ஆனால் பார்த்தவர்கள் அடுத்தவர்களை இழுத்துக்கொண்டு போனார்கள். படத் தயாரிப்பாளர் அவளுடைய திரைக்கதையைச் சங்கத்து விருதுக்கு அனுப்பினார். சொந்தக் கதைப் பிரிவில் அது கட்டாயம் பட்டியலுக்கு வரும் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். பட்டியலில் பெயர் வந்தாலே போதும், அடுத்த படம் தருகிறேன் என்று ஒருவர் அவளிடம் சொல்லியும் இருந்தார். இல்லாவிட்டால் அவள் ஆயுளுக்கும் பல் ஆஸ்பத்திரியில் அடுத்தவரை உள்ளே அனுப்பிக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

குழுக் கூட்டத்தில் அவள் திரைக்கதையின் முறை வந்தது. யாரும் ஆட்சேபிக்கவில்லை. என் தம்பிதான் எழுந்தான்.

"இது தகுதி பெறாது. எழுதினவங்க எனக்கு மனைவியா வரப்போறவங்க."

முந்தின ஆண்டு ஒரு உறுப்பினர், தன் மகனுக்குச் சம்பந்தம் பேசியிருந்த வீட்டுக்காரரின் படத்தை ஆகா ஓகோ என்று தூக்கிவிட்டார். அதன் பிறகு ஒரு புது விதி வந்தது. குழுவில் இருப்பவர்களின் ரத்த உறவு, கல்யாண உறவு, கல்யாணம் பேசி ஒப்புக்கொண்ட உறவு, யாருடைய எழுத்தும் அந்த ஆண்டு போட்டிக்கு வரக்கூடாது. உறுப்பினர் நடுவில் ராஜினாமா செய்தாலும் செல்லாது. பரிசு அறிவிக்கும் நாள் வரை கட்டுப்படுத்தும். இடுக்கு விடாமல் அந்த விதியை எழுதியது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தான் தைத்த சட்டையில் தன் தலையே நுழையாத கதை.

அந்தப் பெண் நேராக என் கடைக்கு வந்தாள். தைத்துக்கொண்டிருந்த பாவாடையை என் கையிலிருந்து வாங்கி ஓரமாக வைத்தாள்.

"அண்ணி, உங்க தம்பியை நான் கட்டிக்கறதா, இல்ல அவர் மேல வழக்குப் போடறதா?"

இரண்டையும் செய்யலாம், எங்கள் குடும்பத்தில் தடையில்லை என்றேன். அவள் சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. கல்யாணத்தை நிறுத்திவிட்டால் படம் தப்பிக்குமா என்று கேட்டாள். அதற்கு நான் பதில் சொல்வதற்குள், அவளைத் தேடி வந்த சித்தி வாசலில் நின்றபடி, பேசி முடித்த கல்யாணத்தை ஒரு காகிதத்துக்காக நிறுத்தினால் நான் அந்தச் சங்கத்துக்கு வந்து உட்கார்ந்துவிடுவேன் என்றார்.

கடைசியில் எல்லோரும்தான் போய் உட்கார்ந்தோம். தயாரிப்பாளர் முறையீடு கொடுத்ததால் குழு விசாரணை வைத்தது. கல்யாணம் பேசி ஒப்புக்கொண்டார்களா, இல்லையா? அதற்குச் சாட்சி நான். நல்ல புடவை கட்டிக்கொண்டு போனேன். ஒரு பக்கம் சித்தி, ஒரு பக்கம் அந்தப் பெண். எதிரே தலைவர், அவருக்குப் பக்கத்தில் பழைய வசனகர்த்தா ஒருவர், கால் உடைந்த மேஜைக்கு முட்டுக்கொடுத்திருந்த திரைக்கதைக் கட்டுகள், கோடியில் கையில் பேனாவோடு என் தம்பி. தன் விசாரணைக்குத் தானே குறிப்பெடுத்துக்கொண்டிருந்தான்.

நான் மாட்டிக்கொண்டேன் என்று எனக்கே தெரிந்தது. ஆமாம் என்றால் பெண்ணின் பட்டியல் போயிற்று. இல்லை என்றால் சித்தி எழுந்து போய்விடுவார், என் தம்பி கல்யாணம் போயிற்று. எனக்குத் தெரிந்ததெல்லாம் நடந்ததை நடந்தபடி சொல்வதுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டைக் கழுவியதிலிருந்து ஆரம்பித்தேன். பக்கத்து வீட்டில் நாற்காலி வாங்கியது, அதில் ஒன்று ஆடியது, ஆடாத நாற்காலியைச் சித்திக்குப் போட்டது. தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வசனகர்த்தா மட்டும் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

சித்தி தன் பக்கத்து விஷயங்களைச் சொன்னார் என்றேன். பெண் வேலையை விடமாட்டாள், எழுதுவதையும் விடமாட்டாள், வீடு ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் பார்க்க வேண்டும். பிறகு பெண்ணைப் பார்த்து, உனக்குச் சரியா என்று கேட்டார். சரி என்றாள். பிறகு என் தம்பியைக் கேட்டார்.

"அவர் என்ன சொன்னார்?" என்றார் வசனகர்த்தா.

"எல்லாத்தையும் எழுதிக் குடுங்க, படிச்சுப் பார்த்துட்டுச் சொல்றேன்னான். நாங்க சிரிச்சுட்டோம். இனிப்புத் தட்டை எடுத்தோம்."

"அப்புறம் சொன்னாரா?"

யோசித்தேன். சித்தி எழுதிக் கொடுத்தது நினைவிருக்கிறது. தம்பி அதில் 'பக்கத்தில்' என்றால் எவ்வளவு தூரம் என்று கேட்டுத் திருப்பி அனுப்பியது நினைவிருக்கிறது. சித்தி 'நடக்கிற தூரம்' என்று திருத்தி அனுப்பியதும், யார் நடக்கிற தூரம் என்று இவன் மறுபடி கேட்டதும் நினைவிருக்கிறது. அவன் சரி என்று சொன்னது மட்டும் எவ்வளவு துழாவியும் கிடைக்கவில்லை. ஏனென்றால் அவன் சொல்லவே இல்லை.

"இல்லைங்க. இன்னும் சொல்லல."

வசனகர்த்தா மெதுவாகத் தம்பி பக்கம் திரும்பி, படித்து முடித்துவிட்டீர்களா என்று கேட்டார். மூன்றாவது வரியில் ஒரு விளக்கம் பாக்கியிருக்கிறது என்றான் தம்பி. சித்தி தலையில் கை வைத்துக்கொண்டார்.

அப்படியானால் ஒப்புக்கொள்ளவில்லை, விதி பொருந்தாது, திரைக்கதை உள்ளே என்றார் தலைவர். வேறு யாராக இருந்தாலும் அதோடு வாயை மூடியிருப்பார்கள். என் தம்பி எழுந்து தனக்கே ஆட்சேபணை தெரிவித்தான். "வாயால சொல்லல, சரிதான். ஆனா மனசுக்குள்ள அன்னிக்கே சொல்லிட்டேன். நேர்மையா பார்த்தா அதையும் கணக்குல எடுக்கணும்."

அந்தப் பெண் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் படத்தைக் கெடுக்கிறானே என்று கோபமா, மனசுக்குள் அன்றைக்கே சொல்லிவிட்டானே என்று சந்தோஷமா, அவளுக்கே புரிந்திருக்காது.

வசனகர்த்தா மேஜையைத் தட்டினார். "உட்காருப்பா ரூல்தடி. நாப்பது வருஷமா எழுதறேன். மனசுக்குள்ள நினைச்சான்னு திரைக்கதையில எழுதினா டைரக்டர் மூஞ்சியில வீசுவார். கண்ணுக்குத் தெரியணும், இல்ல காதுக்குக் கேக்கணும். ரெண்டும் இல்லேன்னா அது நடக்கல. இது திரைக்கதைச் சங்கம். இங்க அதுதான் சட்டம்."

தன்னைவிடக் கெட்டியான விதி ஒன்று உலகத்தில் இருப்பதைத் தம்பி அன்றுதான் பார்த்தான். குனிந்து அதையும் குறிப்பில் எழுதிக்கொண்டான்.

அப்போதுதான் அந்தப் பெண் எழுந்தாள். "நான் ஒண்ணு கேக்கலாமா? இத்தனை மாசமா நான் சரின்னு சொல்லிட்டுக் காத்துக்கிட்டு இருக்கேன். இவர் இன்னும் சொல்லவே இல்லையா?"

தம்பி பேனாவைக் கீழே போட்டுவிட்டு எழுந்து வாயைத் திறந்தான்.

"சொல்லாதே!" என்று தலைவரும் வசனகர்த்தாவும் சேர்ந்து கத்தினார்கள்.

பரிசு நாள் வரை என் தம்பி அவளிடம் சரி சொல்லக் கூடாது என்று ஆகிவிட்டது. சொன்ன நிமிஷம் அவள் போட்டியில் இல்லை. அந்த நாட்களில் அவன் பட்ட பாடு நாய்கூடப் படாது. பயத்தில் அந்தச் சொல்லையே விட்டுவிட்டான். நான் குழம்பு ஊற்றட்டுமா என்றால் தலையை மட்டும் ஆட்டுவான். அவள் வேண்டுமென்றே அவன் என் கடையில் இருக்கும் நேரம் பார்த்து வந்து, அவன் முன்னால் உட்கார்ந்து, "இன்னிக்கு வெயில் அதிகம், சரிதானே?" என்பாள். இவன் வெப்பநிலையைப் பற்றிக் கருத்துச் சொல்ல இயலாது என்பான். வெளியே போய் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். சித்தி மட்டும் சிரிக்கவில்லை. இவன் சமயம் பார்த்து நழுவப்போகிறான் என்று அவருக்குச் சந்தேகம். வாரம் ஒரு தடவை வந்து அவன் இருக்கிறானா என்று பார்த்துவிட்டுப் போவார்.

பட்டியலை எல்லோருக்கும் முன்னால் படிப்பது செயலாளர் வேலை. ஐந்து பெயர். அவள் பெயர் நான்காவது. மற்ற நான்கு பெயர்களை எந்தக் குரலில் படித்தானோ அதே குரலில் அவள் பெயரையும் படித்தான். நான் பின்வரிசையில் இருந்தேன். கேட்டேன், இம்மி வித்தியாசம் இல்லை. இறங்கும்போது மட்டும் தாளை மேடையிலேயே மறந்து வைத்துவிட்டு வந்தான்.

பரிசு விழாவுக்கு அவளுக்கு நான்தான் உடுப்புத் தைத்தேன், இரண்டு தடவை அளந்து. பட்டியலில் இருந்தவர்களை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். உறையைப் பிரித்தார்கள். வேறொருவரின் பெயரைப் படித்தார்கள். மூத்த எழுத்தாளர், நல்ல மனிதர், அவருக்குக் கொடுத்தது நியாயம்தான் என்று தம்பி இன்றைக்கும் வாதிடுகிறான்.

கைதட்டல் இன்னும் ஓயவில்லை. மேடை ஓரத்தில் நின்றிருந்த தம்பி படியிறங்கி, முன்வரிசையை நோக்கி, ஒரு கூட்டத்தில் ஓடக் கூடாது என்பதற்காக ஓடாமல், ஆனால் நடையும் இல்லாமல் வந்தான். நான் இரண்டு வரிசை தள்ளித்தான் இருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது. அவள் முன்னால் குனிந்து, "சரி" என்றான். "எல்லாத்துக்கும் சரி. மூணாவது வரிக்கும் சரி."

அவள் மேடையை விட்டுக் கண்ணை எடுக்காமல், கைதட்டுவதையும் நிறுத்தாமல், பல்லுக்கிடையில் சொன்னாள்: "கொஞ்சம் நகருங்க. நான் தோத்திருக்கேன். கேமரா இந்தப் பக்கம் பார்க்குது, அதுக்கேத்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு இருக்கேன்."

நகர்ந்தான். ஆனால் அந்த மூஞ்சி நிற்கவில்லை. மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது. பரிசு கிடைக்காத நான்கு பேர் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். மூன்று பேர் நாகரிகமாகப் புன்னகைக்கிறார்கள். நான்காவது ஆள் வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருக்கிறாள். பல் ஆஸ்பத்திரிக்காரர்கள் அந்தப் படத்தை வெட்டி வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார்கள். அவள் இப்போது அங்கே வேலையில் இல்லை. அடுத்த படத்தை எழுதிக்கொண்டிருக்கிறாள், ஆஸ்பத்திரிக்கு நடக்கிற தூரத்தில் ஒரு வீட்டில். சித்தி நடந்து பார்த்து ஒப்புக்கொண்ட தூரம் அது.