சபாக்கிலிருந்து வந்த அம்மா

கோல சிலாங்கூரில் ஓர் அரசாங்க கிளினிக்கில், என் மகனின் பேச்சுப் பயிற்சிக்காகக் காத்திருந்தபோது அந்த அம்மாவைப் பார்த்தேன். சபாக் பக்கத்து எண்ணெய்ப்பனைத் தோட்டத்திலிருந்து வந்திருந்தார். மெலிந்த உடம்பு, வெயிலில் கறுத்த முகம். தோள் உயரம் வளர்ந்த மகளின் மணிக்கட்டைத் தன் மணிக்கட்டோடு ஒரு துப்பட்டாவால் முடிந்திருந்தார். வாய் பேசாத அந்தப் பெண், விட்டால் சாலைக்கு ஓடிவிடுவாளாம்.

பள்ளியின் அறிக்கை இல்லாமல் டாக்டர் பார்க்க மாட்டார் என்று கவுண்டரில் சொல்லிவிட்டார்கள். அந்த அம்மா மகளோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“பள்ளிக்கூடத்துல கேட்டா, டாக்டர் எழுதிக் குடுக்காம பிள்ளைய சேர்க்க மாட்டாங்களாம். சமூகநல இலாகாவுல உதவிப்பணத்துக்கு ரெண்டு பேரோட கடுதாசியும் வேணுங்கிறாங்க.”

“அவங்களுக்குள்ள பேசிக்க மாட்டாங்களாக்கா?”

“எங்க பேசுறாங்க லா? நாந்தான் மாத்தி மாத்தி நடக்கிறேன்.” மகளின் தலைமுடியைக் கோதிக்கொண்டே தணிந்த குரலில் கேட்டார்: “நான் முடியாம படுத்துட்டா, இவள யாருகிட்ட போகச் சொல்வாங்க தங்கச்சி?”

அதற்குள் என் மகனை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். திரும்பி வந்தபோது அவர்கள் இல்லை. இன்றும் மகன் தூங்கும்போது அவன் முகத்தைப் பார்த்து, அவர் கேட்ட அதே கேள்வியை நானும் கேட்டுக்கொள்கிறேன்.